கணினிப் பார்வைப் பாடநூலும் மாணவர் கற்றலும்

ரிச்சர்ட் செலிஸ்கியின் கணினிப் பார்வைப் பாடநூலின் முதற்பதிப்பில் 14ஆம் இயலாக இறுதியில் நின்ற பொருள் அடையாளங்காணல், 2022ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் 6ஆம் இயலாக முன்னகர்ந்துள்ளது. அதற்கு முன்னர் ஆழ்கற்றலுக்கெனத் தனி இயல் அமைந்துள்ளது. துறையின் இன்றைய போக்கிற்கு இம்மாற்றம் பொருந்துவதே. ஆயின், படிமத்தின் முனைகளையும் விளிம்புகளையும் கண்டறியும் முறைகள் 7ஆம் இயலிலேயே விளக்கப்படுகின்றன. ஆதலின், வரிசையாகப் பயிலும் மாணவர், மனிதர் வகுத்த கூறுகளை அறியுமுன்னரே கணினி தானாகக் கற்கும் கூறுகளை எதிர்கொள்கிறார். இரண்டனையும் ஒப்பிட்டாலன்றிப் பின்னதன் சிறப்பு விளங்காது. பல இடங்களில் விளக்கம் சுருங்கி, விரிவுக்கு மூலக் கட்டுரைகள் சுட்டப்படுகின்றன. இஃது ஆய்வு மாணவர்க்கு வளம்; இளநிலை மாணவர்க்குச் சுமை. நேரியல் இயற்கணிதப் பின்னிணைப்பையும் 7ஆம் இயலையும் முன்னதாகக் கற்பித்தால் இச்சுமை குறையும். எனவே, இந்நூல் விரிவுரையாளர் வழிகாட்டலுடன் பயிலத்தக்கது. தனித்துக் கற்போர்க்குரிய முதல் நூலன்று.