துடிக்கும் நிறங்கள், நெளியும் எழுத்துகள்

சுவரொட்டியின் பணி என்ன? பேருந்தில் விரைந்து செல்பவருக்கும் செய்தி விளங்க வேண்டும். நிகழ்ச்சி, இடம், நாள், கட்டணம் ஆகிய நான்கும் பளிச்செனத் தெரிய வேண்டும். இதுவே நாம் அறிந்த இலக்கணம். 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றிய இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகள் இந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கின. எழுத்துகள் தீப்பிழம்புபோல் நெளிந்தன. நிறங்கள் கண்ணைக் கூச வைத்தன. நின்று நிதானமாகப் பார்த்தவருக்கே செய்தி புலப்பட்டது.

இவற்றைச் ‘சைகடெலிக்’ சுவரொட்டிகள் என்பர். எல்.எஸ்.டி. போன்ற மருந்துகள் உண்டாக்கும் காட்சி மயக்கத்தை ஒட்டி அமைந்த பெயர் இது. இதனாலேயே இவற்றைப் போதையின் கிறுக்கல் என ஒதுக்குவோர் உண்டு. அந்த மதிப்பீடு பொருந்துமா? இவற்றின் எழுத்தையும் நிறத்தையும் தனித்தனியே ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் எழுத்து. வெஸ் வில்சன் என்ற ஓவியர் 1966 ஜூலையில் பில்மோர் அரங்க நிகழ்ச்சிக்காக வரைந்த சுவரொட்டியில், பச்சைப் பின்புலத்தில் சிவப்பு எழுத்துகள் சுடர்விட்டு எரிகின்றன. இவ்வெழுத்து முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. வியன்னா ஓவியர் ஆல்பிரட் ரோலர் 1903-ஆம் ஆண்டிலேயே, எழுத்துகளைக் கனத்த கட்டங்களாக்கி நெருக்கி அடுக்கியிருந்தார். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மெல்லிய கீற்று மட்டுமே எஞ்சும். எது எழுத்து, எது பின்புலம் என்று கண் தடுமாறும். ரோலரின் அடுக்கு அசையாமல் நின்றது. வில்சன் அதை வளைத்து ஓடவிட்டார். கடன் வாங்கியதை வளர்த்தார் என்பதே அவருடைய சிறப்பு.

இனி நிறம். பிரெஞ்சு வேதியியலறிஞர் ஷெவ்ரல், கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அடுத்தடுத்து அமையும் நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றுகின்றன என்று 1839-இல் விரிவாக எழுதினார். சிவப்பும் பச்சையும் போன்ற எதிர் நிறங்கள் அருகருகே வந்தால், இரண்டும் முன்னிலும் அழுத்தமாகத் தோன்றும். நிறங்களின் இத்தகைய உறவுகளை யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தவர் ஜோசப் ஆல்பர்ஸ். அவரிடம் பயின்றவர் விக்டர் மோஸ்கோசோ. துடிக்கும் நிற விளிம்புகள் கண்ணை உறுத்துவன, ஆகவே அரிதாகவே பயன்படுவன என்பது ஆசிரியரின் கருத்து. மாணவரோ அந்த உறுத்தலையே தம் கருவியாக்கினார்.

விளிம்பு ஏன் துடிக்கிறது? ஒரு பொருளின் விளிம்பு எங்கே உள்ளது என்பதை நம் பார்வை பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டே கணிக்கிறது. இரு நிறங்களும் ஒரே அளவு வெளிச்சமுடையனவாக இருந்தால், நிறம் வேறாகத் தெரிந்தும் விளிம்பின் இடம் உறுதிப்படுவதில்லை. அதனால் எழுத்து அசைவதுபோல் தோன்றுகிறது. நீங்களே இதைச் சோதிக்கலாம். ஏறத்தாழ ஒரே வெளிச்சமுடைய சிவப்புத் தாளையும் பச்சைத் தாளையும் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் எழுத்தை வெட்டி மற்றொன்றின்மேல் ஒட்டுங்கள். கைப்பேசியில் அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் சரியாகப் பொருந்தியிருந்தால் எழுத்து ஏறக்குறைய மறைந்துவிடும்!

ஆகவே, இச்சுவரொட்டிகளின் சிறந்தவை தேர்ந்த கையாலும் பயின்ற கண்ணாலும் உருவானவை எனத் தயங்காமல் கூறலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் போற்ற இயலாது. ஸ்டான்லி மவுசும் ஆல்டன் கெல்லியும் 1966-இல் அமைத்த புகழ்பெற்ற சுவரொட்டி ஒன்றில் ரோஜா மலர்கள் சூழ ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. அந்த உருவம் அவர்கள் படைத்ததன்று. உமர் கய்யாமின் ருபாயத்துக்காக எட்மண்டு சல்லிவன் வரைந்து, 1913-இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைச் சித்திரம் அது. வண்ணமும் எழுத்தும் சேர்த்தது மட்டுமே இவர்கள் பங்கு. அப்பங்கு அழகானதே, படத்துக்குப் புதிய வாழ்வும் அளித்தது. எனினும், படத்தைக் கொண்டாடுவோர் பலருக்குச் சல்லிவன் பெயர் தெரியாது என்பது பெருங்குறை. கடன் வாங்குவது கலையில் குற்றமன்று. கொடுத்தவரை மறப்பது முறையாகாது.

மற்றொரு குறையும் உண்டு. இந்தப் பாணி பரவியதும், காரணம் அறியாமல் நெளிவை மட்டும் நகலெடுத்தவர்கள் பெருகினர். எல்லாமே துடித்தால் எதுவும் கண்ணை நிறுத்தாது. மோஸ்கோசோவின் நல்ல படைப்புகளில் துடிப்புக்கு ஒரு பயன் உண்டு. வழிப்போக்கரை நிறுத்துகிறது, படிக்கும் முயற்சியில் அவரையும் பங்காளியாக்குகிறது. வந்து சேர வேண்டிய கூட்டமோ அத்தகைய புதிரை விரும்பிய இளைஞர் கூட்டம். ஆகவே அங்கே அது பொருத்தம். மருத்துவமனையில் வழிகாட்டும் பலகைக்கு இதே பாணியைக் கையாண்டால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

மாணவ நண்பர்களே, கண்ணைக் கவரும் ஒரு சுவரொட்டியை இனி எதிர்ப்பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது யாரை நிறுத்தப் பார்க்கிறது? எந்த முறையால் நிறுத்துகிறது? அம்முறையை முதலில் கண்டவர் யார்? மூன்றுக்கும் விடை தேடுபவருக்கு நிறமும் எழுத்தும் வெறும் அலங்காரமாகத் தோன்றமாட்டா.