வாஞ்சூர் மணலில் ஒரு பகல்

நாகூர் தர்காவின் மினாராக்கள் முதுகுப்பக்கம் தெரிந்துகொண்டிருக்கும்போதே சைக்கிள் வாஞ்சூருக்குள் நுழைந்துவிடுகிறது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காரைக்காலின் தெற்கு வாசல் இது. வரிசையாக மதுக்கடைப் பலகைகள் வந்தால் எல்லை தாண்டியாயிற்று என்று அர்த்தம். மற்றபடி அதே வயல், அதே பனை.

கீழவாஞ்சூர்க் கரையில் 2009 முதல் சரக்குத் துறைமுகம் இருப்பதால் கடலோரமாகவே வண்டியை விட முடியாது. தார்ச்சாலைக்கு ஏறி, துறைமுகம் கடந்து, திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே பட்டினச்சேரிப் பக்கம் மறுபடி இறங்கினோம். அங்கிருந்து பாதி உருட்டல், பாதி நடை.

உலர்ந்த மணலில் சக்கரம் புதைகிறது. அலை வந்து போன ஈரப்பட்டையில் மட்டும் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதில் இறங்கி ஒரு காலை அழுத்தி வைத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்துபோகும். காலை எடுத்ததும் தடத்தில் நீர் ஊறும். நெருக்கமாகப் படிந்த மணல் அழுத்தம் பட்டதும் நெகிழ்ந்து இடைவெளி கூட, மேலே நின்ற நீர் அதற்குள் இறங்கிவிடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் இதை விளக்கினார். காரணம் தெரிந்த பிறகும் நான் பத்துத் தடவையாவது மிதித்துப் பார்த்தேன்.

இந்தத் திருமலைராயன்பட்டினம் மண்மாரியால் அழியட்டும் என்று காளமேகப் புலவர் வசை பாடியதாகக் கதை. திட்டுவதற்குக்கூட நல்ல பொருளாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்!

மேட்டில் அடப்பங்கொடி ஊதாப்பூவோடு படர்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இராவணன் மீசைப் புல். பெயர் வைத்தவர் அதன் முனையில் ஒரு தடவையாவது குத்துப்பட்டிருப்பார். பிற்பகலில் கொண்டல் காற்று எழுந்ததும் அதன் முள்ளுருண்டை ஒன்று காம்பிலிருந்து கழன்று புறப்பட்டது. நுனிமுட்களில் நின்று நின்று, கால் சுடுகிறவன் வெயிலில் ஓடுவதுபோல் ஓடியது. மணலில் புள்ளிப் புள்ளியாகத் தடம். ஒரு நண்டு வளை அருகே தயங்கி, அடுத்த காற்றுக்கு மறுபடி கிளம்பி, கொடியில் சிக்கி நின்றது. விதை இப்படித்தான் ஊர் மாறுகிறது. எங்கள் சைக்கிளைவிட அதன் ஓட்டம் அழகு.

சவுக்குத் தோப்பை ஒட்டிக் கூடாரம் விரிக்கலாமா என்று கேட்டபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். மாசிமகத்துக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் இந்தக் கரைக்குத் தீர்த்தவாரி வரும்போது மாப்பிள்ளை என்று உரிமையோடு வரவேற்கிற ஊர். எங்களை மட்டும் போ என்றா சொல்வார்கள்? “உள்ளே தள்ளிப் போடுங்க தம்பி. ராத்திரி ஆமை ஏறும்” என்றார்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். கடலிலிருந்து மேட்டுக்கு டிராக்டர் ஏறிப் போனதுபோல் ஒரு தடம்; இடத்துடுப்பும் வலத்துடுப்பும் மாறி மாறிப் போட்ட வரி. பங்குனி ஆமை. மேலே கலைந்த மணல், அங்கிருந்து கடலுக்குத் திரும்பிய இன்னொரு தடம். முந்தின நாள் நாங்கள் ஓட்டிய டயர்க் கோட்டை இரண்டும் குறுக்கே வெட்டியிருந்தன.

ஆமை ஏறும் மாதங்களில் போகிறவர்கள் இரவில் கரைப்பக்கம் டார்ச் அடிக்க வேண்டாம். வெளிச்சம் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பிவிடும்.