ஃபிளானகன் தோற்றாரா?

ஜாஸ் ரசிகர்கள் மத்தியில் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற உருப்படியின் பேச்சு வந்தால் பியானோக்காரர் டாமி ஃபிளானகன் தலை உருளும். 1959 மே மாதப் பதிவு அது. ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் வெளுத்து வாங்குகிறார். அடுத்து வரும் ஃபிளானகன் திணறுகிறார். கிரிக்கெட்டில் பிட்ச்சைப் பார்க்காமல் ஸ்கோரை மட்டும் வைத்துச் சொல்வது போன்ற தீர்ப்பு இது என்பேன்.

பிட்ச் எப்படிப்பட்டது? 16 பாருக்குள் (பார் என்பது நாலடித் தாளப் பகுதி) 26 கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்துகள்). நிமிடத்துக்கு ஏறக்குறைய 290 அடி வேகம். ஒரு சுற்று 13 விநாடியில் முடிந்துவிடும். பி, ஜி, ஈ ஃபிளாட் என்று மூன்று ஸ்கேல்கள். பி-யை ஸட்ஜமாகக் கொண்டால் ஜி சுத்த தைவதம், ஈ ஃபிளாட் அந்தர காந்தாரம். ஸ்தாயியை மூன்று சம பங்காகப் போட்ட இடங்கள். முதல் மூன்று பாருக்குள்ளேயே ஸட்ஜம் மூன்று இடத்திலும் உட்கார்ந்து எழுந்துவிடுகிறது! ஒரு ஸ்கேலில் தொடங்கிய சங்கதி முடிவதற்குள் அபஸ்வரமாகிவிடும். பின்பாதியில் ஸ்கேலுக்கு இரண்டு பார் கிடைக்கிறது, கொஞ்சம் மூச்சு விடலாம்.

கோல்ட்ரேனின் ஆயுதம் எளியது: ஸ ரி க ப. மோகனத்தின் முதல் நான்கு ஸ்வரங்கள். பல இடங்களில் கார்டுக்கு இரண்டே அடி, அடிக்கு இரண்டு ஸ்வரம் என்றால் கணக்கு கச்சிதம். கார்டு மாறியதும் புது இடத்திலிருந்து அதே பிடி. உன்னிப்பாகக் கேட்டால் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அசாத்திய வாசிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் வீட்டிலேயே சாதகம் செய்து தேற்றிய பிடி அது. மார்ச் மாதமே வேறு குழுவோடு இந்த உருப்படியைப் பதிவுசெய்தும் பார்த்துவிட்டார். அன்று பியானோவில் இருந்த சீடர் வால்டன் (Cedar Walton) தனி வாசிக்கவே இல்லை.

ஃபிளானகன் ஒற்றை ஸ்வரக் கோவைகளோடுதான் இறங்குகிறார். இடைவெளிகள் விழுகின்றன. பிறகு ஓட்டத்தை விட்டுவிட்டு, கார்டுகளையே கொத்தாக வைத்து நகர்கிறார். பலர் இதைச் சரணாகதி என்கிறார்கள். எனக்கோ அந்த இடத்தில்தான், அதுவரை சாக்ஸபோன் வேகத்தில் மறைந்திருந்த கார்டுகளின் நடை முதன்முறையாகத் தெளிவாகக் கேட்கிறது. தாளமும் எங்கும் தவறவில்லை.

1982-இல் அவர் தம் மூவர் குழுவோடு ஓர் ஆல்பம் செய்தார். தலைப்பே 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்'. அதே கார்டுகள், இந்த முறை கோவை எங்கும் அறுபடவில்லை.