மண்டல்சுதாமின் நகர்ப் பாடல்

இழந்த நகரை எண்ணும் ஏக்கம் பெரும்பாலும் தொலைவிலிருந்தே எழும். 1917இல் பீட்டர்சுபர்க்கை நீங்கிய நபக்கோவின் நினைவுகள் அத்தகையன. ஒசிப் மண்டல்சுதாமோ 1930இல் அந்நகருக்கு மீண்டு வந்து ‘லெனின்கிராட்’ என்னும் பாடலை இயற்றினார்.

1924இல் நகர் பெற்ற அப்புதுப்பெயர் பாடலின் தலைப்பாகவும், ஆற்றங்கரை விளக்குகளுக்கு அடையாகவும் நிற்கின்றது. விளியாக வருவதோ பழம்பெயரே, அதுவும் இருமுறை. சாக விரும்பாமையை முறையிடுவதும், இறந்தோர் குரலைத் தேடுதற்குரிய முகவரிகள் தம்மிடம் உள்ளமையைக் கூறுவதும் அப்பெயரை நோக்கியே என்பது கருதத்தக்கது. ஆதலின், இதனை இளமை நினைவுப் பாடல் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. நகர் கண்முன் நிற்க, அதன் மாந்தர் இலராயினர் என்பதே ஈண்டுத் துயரம். பிரிந்தார்க்கு மீளலாம் என்னும் நம்பிக்கையேனும் எஞ்சும். மீண்டார்க்கு அதுவும் இல்லை.

நகர் 1991இல் பழம்பெயரை மீளப் பெற்றது. அப்பெயரால் அதனை விளித்த கவிஞர் 1938இலேயே சிறைமுகாமில் மாண்டார்.