'வலிப்பு நோய் இல்லை' என்ற பிறகு

காரணம் பிடிபடாத வலிப்புக்கு, மருத்துவமனையில் சில நாள் படுத்துக் கண்காணிப்புக்கு உட்படுவதே கடைசிப் பதில் என்ற பேச்சு மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வலுத்து வருகிறது. தலையில் மின்முனைகளை ஒட்டி, எதிரே கேமராவை வைத்து, இரவும் பகலும் பதிவெடுத்தால் உண்மை தானே வெளியே வரும். அதன்பின் சந்தேகத்துக்கு இடமில்லை என்கிறார்கள் இதை ஆதரிப்பவர்கள். உண்மை வெளியே வருகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்களே, அதைத்தான் பல காலமாக எதிர்த்து வருகிறேன்.

கொடுக்க வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். இருபது, முப்பது நிமிடத்தில் முடியும் சாதாரண இ.இ.ஜி. என்ற மூளை மின்பதிவு, வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேரிடம் எதையும் காட்டாமல் போகலாம். வலிப்பு நோய் என்று சொல்லப்பட்டு, மருந்துக்கு அடங்காமலோ நோயே ஐயத்துக்குரியதாகவோ இருந்த 74 பேரின் இதயத்தை இங்கிலாந்தில் சோதித்து 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 31 பேருக்குக் காரணம் வேறு என்று தெரிந்தது. இதயத் துடிப்போ இரத்த அழுத்தமோ சரிந்து வரும் மயக்கத்தை வலிப்பு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவது எவ்வளவு பெரிய கொடுமை! மூளை, இதயம், உடலசைவு மூன்றையும் ஒரே திரையில் காட்டும் கண்காணிப்பு இப்படிப்பட்ட தவறுகளைத் திருத்துகிறது. கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அது நமக்குக் கிடைக்கிறது.

ஆபத்தும் உண்டு. மாத்திரையைக் குறைத்தும் தூக்கத்தைக் கெடுத்தும்தான் வலிப்பை வரவழைக்கிறார்கள். உலகெங்கும் உள்ள கண்காணிப்புப் பிரிவுகளில் விசாரித்து 2013-இல் வெளியான ஆய்வு, வலிப்பு நோயாளிகளின் திடீர் மரணங்கள் 16 என்று கணக்கிட்டது. அவற்றில் 14 இரவில் நேர்ந்தவை. இரவுக் காவல் தளரக்கூடாது என்று மருத்துவர்களே அதிலிருந்து பாடம் படித்தார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

என் குறை வேறு. இத்தகைய பிரிவுகளுக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, பதிவான தாக்கத்தின்போது மூளையின் மின்னோட்டம் மாறாதவர்கள். விழுகிறார்கள், கைகால் வெட்டுகிறது, நினைவு தப்புகிறது. ஆனால் அது வலிப்பு நோய் அல்ல. மனம் தாங்காததை உடல் வெளிக்காட்டும் வகை இது. வேண்டுமென்று செய்வதல்ல. இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இவர்களுக்குச் சரியான பெயர் சொல்லப்படச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று ஜெர்மனியில் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வு கண்டது. அத்தனை ஆண்டு காத்திருந்து வந்தவரிடம் கடைசி நாளில் என்ன சொல்கிறார்கள்?

"மூளை நன்றாக இருக்கிறது. மன அழுத்தம்தான். மனநல மருத்துவரைப் பாருங்கள்." ஒரு கடிதம் தருகிறார்கள். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்லப்படுகிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளை அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறது. வயரைக் கழற்றி, முடியில் ஒட்டிய பசையைக் கழுவக்கூட நேரமில்லாமல் கிளம்பி, கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் ரயிலுக்குக் காத்திருக்கும்போதே அந்தச் செய்தி குடும்பத்துக்குள் வேறு உருவம் எடுத்துவிடுகிறது. "உனக்கு ஒண்ணுமில்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் எதுக்கு இந்த நாடகம்?" என்று கேட்கும் மாமியார் கெட்டவர் அல்லர். அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான். அதுவரை நோயாளியாக இருந்தவள் அன்று மாலை முதல் பொய்க்காரியாகிறாள். அடுத்த முறை அவள் விழும்போது தாங்கிப் பிடிக்க யாரும் ஓடி வருவதில்லை. சில வீடுகளில் தாயத்து கட்டுகிறார்கள், சிலர் மலாய் மந்திரவாதியான போமோவிடம் போகிறார்கள். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனை காலியாக விட்ட இடத்தைத்தான் அவர்கள் எதையாவது கொண்டு நிரப்புகிறார்கள்.

மன வேதனை உடலில் வெளிப்படுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. சிலாங்கூரின் கோல லங்காட் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம் மலாய்ப் பெண்கள் ஆவி பிடித்ததாகக் கருதப்பட்டு அலறி விழுந்ததை மானிடவியலாளர் ஐவா ஓங் 1987-இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தார். நிர்வாகம் அதை நோயாகப் பார்த்து மாத்திரை கொடுத்தது. அவரோ அந்த உடல்களில் வேலையின் நெருக்கடியைக் கண்டார். நாற்பது ஆண்டு கழித்து நம்மிடம் மேலான கருவிகள் இருக்கின்றன. விழுந்தவளிடம் உட்கார்ந்து, "உன் வாழ்க்கையில் என்ன நடக்கிறது?" என்று கேட்கும் ஆள்தான் இன்னும் அந்த அறைக்குள் வரவில்லை.

"அது மனநலப் பிரிவின் வேலை, நரம்பியல் மருத்துவர் தம் கேள்விக்குப் பதில் கண்டுவிட்டார்" என்பார்கள். இந்தப் பதில் எனக்கு ஏற்புடையதல்ல. முடிவை எடுத்துச் சொல்வதே இங்கு சிகிச்சையின் முதல் படி. ஸ்காட்லாந்தில் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோயின் பெயர் உரிய முறையில் விளக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் தாக்கங்கள் நின்றிருந்தன. சொன்ன விதத்துக்கே அவ்வளவு வலிமை உண்டென்றால், அதை வார்டு சுற்றும் நேரத்தில் நின்றபடி சொல்லிவிட்டுப் போவது மருந்தைத் தரையில் கொட்டுவதற்குச் சமம். 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 368 பேரிடம் உளவியல் சிகிச்சையைச் சோதித்தது. தாக்கங்களின் எண்ணிக்கை ஓராண்டில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இதைக் காட்டி, அனுப்பி வைப்பதிலும் பயனில்லை என்று வாதிடுவோர் உண்டு. அதே ஆய்வில் நோயாளிகளுடைய அன்றாட வாழ்வும் மனநிலையும் மேம்பட்டதை அவர்கள் ஏன் சொல்வதில்லை? விழுவதை எண்ணுவது எளிது. விழுந்தவள் மறுநாள் வேலைக்குப் போனாளா என்பதை யாரும் எண்ணுவதில்லை.

பதிவு எப்போதும் முழு உண்மை பேசுவதுமில்லை. மூளையின் முன்மடலில் ஆழமாகத் தொடங்கும் வலிப்பு, மண்டையோட்டின் மேல் ஒட்டிய மின்முனைக்கு எட்டாமல் போகலாம். சிலருக்கு இரு வகையும் சேர்ந்தே இருக்கும். மாதம் ஒருமுறை விழுகிறவர், படுத்திருந்த நாள்களில் விழாமலே வீடு திரும்பலாம். நல்ல மருத்துவர்களுக்கு இவையெல்லாம் தெரியும். ஆனால் கையில் வாங்கிய தாளில் 'இயல்பு' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதை நம்பி, நெடுநாள் சாப்பிட்ட மாத்திரையை யாரையும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு.

கோலாலம்பூரில் கண்ட முடிவு கிள்ளானில் உள்ள அவசரப் பிரிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. நள்ளிரவில் அவள் விழுந்து, வெட்டு நிற்காமல் ஆம்புலன்சில் வரும்போது, பணியில் இருக்கும் இளம் மருத்துவர் நிற்காத வலிப்பு என்று எண்ணி மயக்க மருந்து கொடுப்பார், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவார். இது வெறும் அச்சமன்று. நிற்காத வலிப்புக்கு எந்த மருந்து சிறந்தது என்று அமெரிக்க அவசரப் பிரிவுகளில் நடத்தி 2019-இல் வெளியிட்ட பெரும் ஆய்விலேயே, சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருந்தது வலிப்பு நோய் அல்ல என்று பின்னால் தெரிந்தது.

நான் கேட்பது பெரிய செலவு பிடிப்பதல்ல. முடிவைச் சொல்லும் நாளில் கணவரும் மாமியாரும் உடன் உட்கார வேண்டும். வீட்டில் பேசும் மொழியில் பேசத் தெரிந்த ஒரு தாதியோ சமூகப் பணியாளரோ அருகில் இருக்க வேண்டும். உளவியலாளரைப் பார்க்கும் தேதி அன்றே கையில் கிடைக்க வேண்டும். எந்த மாத்திரையை எப்படிக் குறைப்பது, அடுத்த முறை விழுந்தால் வீட்டார் என்ன செய்வது, அவசரப் பிரிவில் எதைக் காட்டுவது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். பதிவெடுக்கப் பல நாள் படுக்கை ஒதுக்கும் ஒரு பிரிவுக்கு இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதென்றால், சேர்க்கும்போதே குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும்: வலிப்பு நோய் இல்லை என்று வந்தால் அதற்கு மேல் எங்களால் எதுவும் செய்ய இயலாது என்று. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் அதைச் சொல்வது அவர்கள் கடமை.