தமிழ் அச்செழுத்துக் கலைச்சொற்கள்: ஒரு மதிப்பீடு

அச்செழுத்து வடிவமைப்பு, வரைகலை ஆகிய துறைகளுக்குத் தமிழில் வழங்கும் கலைச்சொற்களில் பல, ரோமன் எழுத்தை விளக்கப் பிறந்த ஆங்கிலச் சொற்களின் மொழிபெயர்ப்புகள். சொல் தமிழாகிவிட்டாலும், அது சுட்டும் உறுப்பு தமிழ் எழுத்தில் உண்டா என்பதே இவற்றை மதிப்பிடுவதற்கான முதல் கேள்வி.

'எக்ஸ்-ஹைட்' என்பது ரோமன் சிற்றெழுத்தான எக்ஸின் உயரம். பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பிரிவே இல்லாத தமிழில் இந்த அளவுக்கு நேரான பொருள் கிடையாது. ப, ம, ய ஆகியவற்றின் உடல் உயரத்தை அடிப்படையாகக் கொள்வதே பொருத்தம்.

'சாய்வெழுத்து' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. 1501இல் வெனிசில் ஆல்டஸ் மனூசியஸ் வெளியிட்ட வெர்ஜில் நூலில் பயன்பட்ட இட்டாலிக், விரைவான கையெழுத்தைத் தழுவித் தனியே வெட்டப்பட்ட எழுத்து. தமிழில் பெரும்பாலும் நேரெழுத்தையே மென்பொருள் சாய்த்துக் காட்டுகிறது. ஒரே பெயர் இருப்பதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

தமிழ் எழுத்தின் உறுப்புகளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, மேல்விலங்கு, சுழி, புள்ளி ஆகியவை தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கப்படுபவை. இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' என்று குழந்தையும் பிரித்தறிகிறது. 'செரிஃப்' என்பதற்குப் புதுச்சொல் தேடும் பட்டியல்கள் இவற்றைச் சேர்க்காமல் விடுவது பெரிய குறை.

இக்குறையின் விளைவு அச்சுப் பக்கத்தில் தெரியும். பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் வரி இடைவெளி பெரும்பாலும் எழுத்தளவில் 120 விழுக்காடாகத் தானாக அமைகிறது; 10 புள்ளி எழுத்துக்கு 12 புள்ளி. தமிழிலோ மேல்விலங்கும் புள்ளியும் மேலே எழுகின்றன. ற, ழ ஆகியவற்றின் வால் கீழே இறங்குகிறது. சில எழுத்துருக்களில் இவை ஒன்றோடொன்று இடிக்கும். மேல்விலங்கு மேல்வரியில் இடிக்கிறது என்று பிழை திருத்துபவர் சொன்னால், வடிவமைப்பாளருக்கு எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது உடனே விளங்கும். இருவருக்கும் பொதுவான சொல் இல்லாவிட்டால், 'எழுத்து சரியாக இல்லை' என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அச்சகத் தொழிலில் வழங்கிய 'அச்சுக்கோத்தல்', 'மெய்ப்பு' ஆகிய சொற்கள் செய்யும் வேலையை நேரடியாகச் சுட்டுவதால் நிலைத்தன. 'வரி இடைவெளி'யும் அத்தகைய நல்ல சொல்லே. எல்லா எழுத்துமுறைக்கும் பொதுவானவற்றை மொழிபெயர்க்கலாம். ரோமனுக்கு மட்டும் உரியவற்றைக் கடன்சொல்லாகவே வைத்துக்கொள்ளலாம். தமிழுக்கே உரிய உறுப்புகளுக்குப் பள்ளிப் பெயர்களே போதுமானவை.