அறிவுக்கும் நிறம் உண்டோ?

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்குவது தேசிய சுகாதாரக் கழகம். 2000 முதல் 2006 வரை அதற்கு வந்த விண்ணப்பங்களை டோனா கிந்தர் குழுவினர் ஆராய்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். கல்வி, பயிற்சி, எழுதிய கட்டுரைகள் அனைத்தையும் கணக்கிற்கொண்ட பின்னும், கறுப்பின அறிஞர் நிதி பெறும் வாய்ப்பு வெள்ளையரினும் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தே நின்றது.

கழகத்தைச் சார்ந்தோர் 2019இல் ஒரு விளக்கம் தந்தனர். கறுப்பின அறிஞர் சமுதாய நலம், மக்கட்தொகுதியின் நோய்நிலை போன்ற பொருள்களையே மிகுதியும் தேர்கின்றனராம். அவை நிதி பெறுதல் அரிதாம். இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதனால் விளைவதாம்.

இவ்விளக்கம் குறையை நீக்கவில்லை. இடம் மாற்றி வைக்கிறது. எப்பொருள் உயர்ந்தது, எது தாழ்ந்தது என வரையறுத்தவர் யார்? அரிவாள் உயிரணு நோய் அந்நாட்டில் பெரும்பாலும் கறுப்பின மக்களையே வாட்டுவது. வெள்ளையரிடம் மிகுதியாகக் காணப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளரோ தொகையிற் குறைந்தவர். எனினும், 2008 முதல் 2018 வரை நோயாளர் ஒருவருக்கெனக் கணக்கிட்டால், அரசின் ஆராய்ச்சிப் பணம் பின்னவர்க்கே மும்மடங்குக்கு மேல் சென்றது.

தராசின் முள் கோணாதிருந்தால் மட்டும் போதாது. எடைக்கல்லும் சரியாயிருத்தல் வேண்டும்.